குடிநோயும் எமது கடமையும்

விழா மலருக்குக் கட்டுரை வரைவோர் கல்லூரியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் புகழ்ந்து, ஆசிரியப் பெருந்தகைகளை நினைவுகூர்ந்து, விளையாட்டு வெற்றிகளை எண்ணிக்காட்டி, வாழ்த்துக் கூறி முடித்தல் மரபு. அம்மரபு நன்றே. பிறர் அதனைச் செவ்வனே செய்வர் என்னும் நம்பிக்கையால் யாம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்ளத் துணிந்தோம். மங்கலப் பந்தலிலே அமங்கலம் பேசுவதோ என்று அன்பர் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். ஆயின், இக்கல்லூரியின் இடாப்பிலே பெயர் பதியப்பெற்று, பரிசளிப்பு மேடையிலே ஏறிக் கைதட்டல் பெற்று, பின்னர் மதுவினால் மாண்டுபோனவரும் நம்மவரே. விழாநாளில் அவர்களை மறப்போமாயின், நோயுற்ற உடன்பிறந்தானை அறையிலே பூட்டிவைத்து முற்றத்தில் விருந்துண்டவராவோம்.

மதுவின் தீமையை விரித்துரைத்தல் எம் நோக்கமன்று. திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை நாம் யாவரும் மனனஞ் செய்தோம். ஒப்புவித்துப் பரிசும் பெற்றோம். மதுவிலக்கைப் பற்றிப் பேச்சுப் போட்டிகளில் முழங்கினோம். வேலியின் சிறப்பை இவ்வாறு நன்கு கற்ற நாம், வேலியைக் கடந்து கிணற்றுள் வீழ்ந்தவனை வெளியே எடுக்கும் வகையைக் கற்றிலேம். குடியைப் பழித்தல் வேறு. குடிநோயரை மீட்டல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையே நமது தவறு. இதனை விளக்குதற்கு முதலில் எமது குற்றமொன்றைக் கூறவேண்டியவராக இருக்கின்றோம்.

எம்முடன் ஒரே வாங்கில் இருந்து கற்ற நண்பரொருவர் இருந்தார். கணிதத்திலே அவருக்கு நிகரானவர் எம் வகுப்பில் எவருமிலர். கேத்திரகணிதத் தேற்றமொன்றை ஆசிரியர் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் அவர் முடிபைக் கூறிவிடுவார். கல்லூரியை விட்டு நீங்கியதும் எழுதுவினைஞர் சேவைப் பரீட்சையிற் சித்தியெய்திக் கொழும்பிலே உத்தியோகம் பெற்றார். அக்காலத்து எம்மூர் உத்தியோகத்தர் பலரைப் போன்று அவரும் ‘சமறி’ என வழங்கிய கூட்டுக் குடியிருப்பிலே தங்கினார். சம்பள நாளில் ஒரு கிண்ணம் எனத் தொடங்கியது சனிக்கிழமைதோறும் என்றாகி, மாலைதோறும் என்றாகி, ஈற்றிலே காலையிற் கை நடுக்கத்தை அடக்குதற்கென்றே அருந்தும் நிலையாயிற்று.

வீட்டார் செய்யாத முயற்சியில்லை. முதலில் மறைத்தனர், பின்னர் அழுதனர், அதன் பின்னர் வைதனர். கோயிலிற் சத்தியஞ் செய்வித்தனர். கதிர்காமத்துக்கு அழைத்துச் சென்றனர். யாரோ ஒருவர் சொற்கேட்டு, அவர் அறியாவண்ணம் உணவிலே மாத்திரையைக் கலந்து கொடுத்தனர். அன்று மாலை அவர் வழமைபோல் அருந்த, முகஞ் சிவந்து நெஞ்சு படபடத்து மூச்சுத் திணறிற்று. வைத்தியசாலைக்குக் கொண்டோடி உயிரைக் காக்க வேண்டியதாயிற்று. அதன் பின்னர் மனைவியார் கையால் எதனையும் உண்ண அவர் அஞ்சினார். குடி நின்றதில்லை, அவ்வீட்டில் எஞ்சியிருந்த நம்பிக்கையே நின்றது.

எனினும், ஒருமுறை அவர் ஏழு மாதம் மதுவைத் தீண்டாதிருந்தார். அவ்வேளையிலே கொழும்பில் ஒரு பழைய மாணவர் இராப்போசனம் நிகழ்ந்தது. வர மறுத்தவரை யாமே வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். எல்லோரும் கிண்ணத்தை உயர்த்திக் கல்லூரிக்கு வாழ்த்துக் கூறியபொழுது அவர் முன்னே வெறுங் கிண்ணம் இருந்தது. ‘இண்டைக்கு ஒருநாள்தானே’ என்று கூறி அதனை நிரப்பியவர் யாமே. இதனை இத்தனை ஆண்டுகளாக எவர்க்கும் கூறிற்றிலேம். அவர் அதன்பின் மூன்றாண்டும் வாழ்ந்திலர்.

அவரது இறுதிக் காலத்தில் யாம் பலமுறை அவரைக் காணச் சென்றோம். ஒவ்வொரு முறையும் பிள்ளைகளின் எதிர்காலத்தை எடுத்துக் கூறினோம், மனவுறுதி வேண்டுமென்றோம். ஒருநாள் அவர் எம்மை நோக்கி, ‘நீர் வரும்போதெல்லாம் புத்திமதியோடு வாறீர்; ஒருநாளைக்கு வெறுங்கையோடு வாரும்’ என்றார். அச்சொல்லை வெறும் எரிச்சலெனக் கொண்டு யாம் மனம் நொந்து திரும்பினோம். பிற தேசங்களிற் குடிநோயர் எவ்வாறு மீண்டனர் என்பதைப் பின்னர்க் கற்றபொழுதே அதன் பொருள் எமக்கு விளங்கிற்று.

நம் முன்னோர் இப்பொருளிற் சும்மா இருந்தாரல்லர். இலங்கையில் 1912ஆம் ஆண்டில் மதுவரிக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டபொழுது, தவறணைகள் பெருகுமென அஞ்சி மதுவிலக்கியக்கம் ஓங்கி எழுந்தது. 1927 நவம்பரில் மாணவர் காங்கிரசின் அழைப்பையேற்று யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் மதுவிலக்கையும் வலியுறுத்திச் சென்றார். தமிழகத்திலே இராஜாஜி தலைமையிலமைந்த அரசு 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடக்கிற்று, 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று, 1971இல் நிறுத்திவைக்கப்பட்டது.

சட்டத்தை யாம் இகழ்கின்றிலேம். விலை ஏறினும் கடை குறையினும் குடியும் குறைகின்றது என்பது பல நாடுகளிற் கண்ட உண்மை. புதிதாகப் பழகும் இளைஞரை அது காக்கும். ஆயின், சட்டம் கடையைத்தான் மூடும். கடை மூடிய இரவிலே கை நடுங்கிக் கிடப்பவனுக்கு அது மருந்தன்று. அவன் கசிப்பைத் தேடிப் போவான். அன்றியும், நமது மதுவிலக்குப் பேச்சில் வேறொரு குறையும் இருந்தது. பனையேறிக் கள்ளிறக்கும் தொழிலாளியைப் பழித்த அதே நா, ஆங்கிலங் கற்ற கனவான் விருந்து மண்டபத்திற் போத்தல் திறந்ததை நாகரிகம் என்றது. தவறணையிற் குடித்தவன் குடிகாரன். விருந்திற் குடித்தவன் பெரியமனிதன். இப்பேதத்தை நோய் அறியாது. நம் நண்பர் போன்றோர் முற்றும்வரை தம்மை நோயாளரென உணராதிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நோய் என்றோம். இது குடித்தவனுக்கு நாம் தேடிக் கொடுக்கும் சாட்டு அன்று. ஸ்கொத்லாந்து மருத்துவராகிய தோமஸ் ட்ரொட்டர் 1804ஆம் ஆண்டிலேயே மிகுகுடிப் பழக்கத்தை மனத்தைப் பற்றிய நோயென நூலெழுதி விளக்கினார். 1956இல் அமெரிக்க மருத்துவச் சங்கம், குடிநோயரையும் ஏனைய நோயாளரைப் போலவே வைத்தியசாலைகள் ஏற்றல் வேண்டும் என அறிவித்தது. மூளையிலே உணர்ச்சியைத் தணிக்கும் தொழிலும் கிளர்த்தும் தொழிலும் ஒன்றையொன்று சமன்செய்து நடக்கின்றன. மதுசாரம் தணிப்பதைக் கூட்டிக் கிளர்த்துவதைக் குறைக்கின்றது. நாடோறும் மது வரவர, மூளை அதற்கெதிராகத் தன்னைத் திருத்திக்கொள்கின்றது. ஆதலாலேயே முன்பு ஒரு கிண்ணத்தாற் கிடைத்த மயக்கத்துக்குப் பின்னர் ஐந்து கிண்ணம் வேண்டியதாகின்றது. திடீரென மது நிற்குமாயின், தடையற்ற கிளர்ச்சி உடலெங்கும் பொங்கும். நடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் முதலில் வரும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் சன்னியும் சிலருக்குத் தோன்றும். உரிய சிகிச்சையில்லாவிடில் அதனால் உயிரே போதலும் உண்டு.

இவ்வொரு செய்தியை மட்டுமேனும் நம் இல்லங்கள் அறிந்திருத்தல் வேண்டும். பலகாலம் மிகுதியாகக் குடித்தவரை அறையிலே பூட்டி ஒரேநாளில் நிறுத்துவிக்க முயல்வது வீரமன்று, ஆபத்து. முதல் சில நாட்கள் வைத்தியர் கண்காணிப்பிலே கழிதல் வேண்டும். நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும், குடியாற் குன்றிப்போன விற்றமின் பீ1 உம் அப்போது கொடுக்கப்படும். அதன் பின்னரும் உதவும் மருந்துகள் சில உள. டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரிலே 1940களில் ஆய்வாளர் இருவர், வேறு நோய்க்கென ஆராய்ந்த டைசல்பிராம் என்னும் மருந்தைத் தாமே உட்கொண்டிருந்தபொழுது, சிறிது மது அருந்தியதும் உடல்நலங் குன்றியமையால் அதன் இயல்பைக் கண்டறிந்தனர். அம்மருந்தை உட்கொண்டவர் மதுவருந்தின் உடல் பொறாது துன்புறும். அத்துன்பத்தை நினைந்து விலகியிருக்க விரும்புபவர்க்கு அது துணை. அறியாதவர் உணவிற் கலந்தாலோ நஞ்சு. நம் நண்பருக்கு நிகழ்ந்தது அதுவே. குடிக்கும் அவாவைத் தணிக்கும் நால்ற்றிரெக்சோன், நிறுத்தியவர்க்குத் துணைசெய்யும் அக்கம்புரோசேற்று என்பனவும் இன்று வழங்குகின்றன. எது எவர்க்குப் பொருந்தும் என்பதை வைத்தியரே துணிதல் வேண்டும்.

ஆயின், உடலினின்றும் மதுவை அகற்றச் சில நாட்கள் போதும். வாழ்க்கையினின்றும் அகற்றுதற்கு ஆண்டுகள் வேண்டும். வைத்தியசாலைப் படியிறங்கி வீடு செல்பவன் அதே தெருவால் நடக்கின்றான். அதே நண்பரைக் காண்கின்றான். மாலை ஆறு மணி நாடோறும் வருகின்றது. அம்மாலைப் பொழுதை எவ்வாறு கடப்பது? இவ்வினாவுக்கு விடைகண்டோர் அறிஞர் அல்லர். அமெரிக்காவிலே கைவிடப்பட்ட குடிநோயர் இருவர்.

நியூயோர்க் நகரிற் பங்குத் தரகராயிருந்த பில் வில்சன் என்பவர் குடியினாற் பொருளும் பெயரும் இழந்தவர். 1934ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய பள்ளிப் பருவத் தோழரொருவர் அவரைக் காண வந்தார். எபி தாச்சர் என்னும் அத்தோழரும் பெருங்குடியர். ஆயின் அன்று தெளிந்த முகத்தோடு வந்தார். நீட்டிய கிண்ணத்தை மறுத்தார். தாம் குடியை விட்ட வகையைக் கூறினார். பில் அன்றே குடியை விட்டாரல்லர். ஆயினும் அச்சந்திப்பு அவருள்ளத்திற் பதிந்தது. அவ்வாண்டு திசெம்பரில் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றபின் அவர் மீண்டும் குடித்தாரல்லர்.

தாம் பெற்றதைப் பிறர்க்கும் கொடுக்க விரும்பிய பில், குடியர் பலரைத் தேடிச் சென்று போதித்தார். மாதங்கள் சென்றும் ஒருவரேனும் திருந்தினாரிலர். அவரது மருத்துவராகிய வில்லியம் சில்க்வேர்த் அப்பொழுது ஒரு சொற் சொன்னார்: போதனையை நிறுத்தும், நோயின் கடுமையை உள்ளவாறே முதலிற் கூறும் என்பதே அது. 1935 மே மாதத்தில், வாணிகக் காரியமொன்று தோல்வியுற, ஒகையோ மாநிலத்து அக்றன் நகரிலுள்ள விடுதியொன்றிலே பில் தனித்து நின்றார். ஒரு பக்கம் மதுச்சாலையின் ஆரவாரம், மறுபக்கம் தொலைபேசி. வேறொரு குடிநோயரோடு பேசாவிடிற் குடித்துவிடுவோம் என அஞ்சி, அறியாதவர்களுக்கெல்லாம் தொலைபேசியில் அழைப்பு விடுத்தார். அதன் பயனாக, அந்நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணரும் குடிநோயருமான டொக்டர் பொப் சிமித்தைக் கண்டார்.

பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று கூறிக்கொண்டு வந்த டொக்டர் பொப், அன்றிரவு ஏறக்குறைய ஆறு மணி நேரம் பேசியிருந்தார். காரணம் யாது? அவருக்கு மதுவின் தீமையைக் கூற வேண்டியதில்லை, அவர் மருத்துவர். அவர் அதுவரை கேட்டிராதது ஒன்றே: தம்மைப் போன்ற நோயாளியொருவர் தம் நோயைக் கூசாமற் பேசியது. பில் அவரைத் திருத்த வந்தாரல்லர். தாம் குடியாதிருத்தற்கு உதவி கேட்டு வந்தார். வெறுங்கையோடு வந்தார். டொக்டர் பொப் பின்னர் ஒருமுறை வழுவி, மீண்டும் எழுந்தார். அவர் இறுதியாகக் குடித்த நாளெனப்படும் 1935 யூன் 10ஐயே அவ்வியக்கத்தின் தோற்ற நாளாகக் கொள்வர். 1939இல் அவர்கள் வெளியிட்ட நூலின் பெயரால் அது ‘அல்ககோலிக்ஸ் அனோனிமஸ்’, அஃதாவது பெயர் வெளியிடாக் குடிநோயர், என வழங்கலாயிற்று. 1950இல் மறையுமுன் டொக்டர் பொப் ஏறக்குறைய 5,000 குடிநோயர்க்குக் கட்டணமின்றிச் சிகிச்சை செய்தார் என்பர். இன்று ஏறக்குறைய 180 நாடுகளில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் உள்ளனர் என்பது அவ்வியக்கத்தாரின் மதிப்பீடு.

அவர்தம் முறை எளிது. குடியாதிருக்க வேண்டுமென்னும் விருப்பமொன்றே சேர்தற்குரிய தகைமை. கட்டணமில்லை, புறத்தார் நன்கொடையும் கொள்வதில்லை. வாரந்தோறும் கூடி, ஒருவர்பின் ஒருவராகத் தம் கதையைக் கூறுவர். கேட்போர் இடைமறித்து அறிவுரை கூறார். ஆயுள் முழுதும் குடியேன் என்று சத்தியஞ் செய்தலும் இல்லை. இன்று ஒருநாள் குடியேன் என்பதே விரதம். நாளையும் அதுவே. புதிதாக வந்தவர்க்கு முன்பே மீண்ட ஒருவர் துணையாவார். நள்ளிரவிலும் அவரை அழைக்கலாம். வழுவியவன் மீண்டும் வந்தால் நாற்காலி காத்திருக்கும். பில்லுக்கு வழிகாட்டிய தோழர் எபி பின்னர்ப் பலமுறை வீழ்ந்தவர். பில்லோ அவரைத் தம் வழிகாட்டி என்று கூறுவதை என்றும் விட்டாரல்லர். நீரிழிவு மீண்டும் கூடியவனை நாம் துரோகி என்கின்றோமா? குடிநோயரை மட்டும் அவ்வாறு கூறுதல் எந்நீதி?

இவர்களுக்கு முன்னரும் இத்தகைய முயற்சி நிகழ்ந்ததுண்டு. 1840இல் பால்ற்றிமோர் நகரத்துக் குடியர் அறுவர் தொடங்கிய வாஷிங்டன் சங்கம் சில ஆண்டுகளிற் பல்லாயிரவரை ஈர்த்தது. ஆயின் அது அரசியலிலும் மதுவிலக்கு வாதத்திலும் புகழ்தேடும் மேடைப்பேச்சிலும் சிதறி விரைவில் மறைந்தது. பின்வந்தோர் தம்மைக் காத்துக்கொண்டனர். மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது பற்றிக்கூட அவர்கள் கருத்துரைப்பதில்லை. மேடையிலும் பத்திரிகையிலும் உறுப்பினர் தம் பெயரை வெளியிடுவதில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொருவரையும் அறிந்த நம் ஊர்களுக்கு இதனிலும் தக்க விதி வேறென்ன?

இம்முறை பயன்தருமா என ஐயுறுவோர்க்கு ஒன்று கூறுவோம். கொக்கிரேன் என்னும் மருத்துவ ஆய்வுக் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட மீளாய்வு, 27 ஆய்வுகளையும் அவற்றில் அடங்கிய 10,565 பேரையும் ஆராய்ந்தது. இத்தகைய குழுக்களிற் சேர்ந்து பங்குகொள்ளுமாறு முறையாக வழிநடத்தப்பெற்றோருள் மதுவை முற்றாக விலக்கி நின்றவர் தொகை, ஏனைய நிலைபெற்ற உளச்சிகிச்சை முறைகளிலும் கூடியதெனக் கண்டது. இஃது எல்லார்க்கும் பொருந்தும் வழியென்று யாம் கூறவில்லை. மருந்தால் மீண்டோர் உளர். இறைவழிபாட்டால் மீண்டோர் உளர். வைத்தியரின் ஆலோசனையால் மட்டும் மீண்டோரும் உளர். ஆயின் தனியே கிடந்து மீண்டோர் மிகச் சிலரே.

இவ்வியக்கம் பிறசமயத்தார் நாட்டில் எழுந்ததாதலின் சைவர்க்கு ஏற்குமோ என்பாருமுளர். தம் வலிமையால் இயலாதென உணர்ந்து தம்மிலும் மேலான ஆற்றலிடம் தம்மை ஒப்புவித்தல் அதன் படிகளுள் ஒன்று. அவ்வாற்றல் யாது என்பது அவரவர் உணர்வுக்கு விடப்பட்டுள்ளது. சரணடைதலைச் சைவர்க்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. கோயிலிற் செய்த சத்தியம் பலர்க்கு ஏன் நிலைத்ததில்லை? சத்தியத்தைச் செய்வித்தோம், மறுநாள் மாலை அவனுடன் இருந்தோமில்லை. குற்றம் சந்நிதியினதன்று, நமதே.

குடும்பத்தார் துயரையும் மறத்தலாகாது. பில்லின் மனைவியாராகிய லோயிஸ் 1951இல் குடிநோயரின் குடும்பத்தார்க்கென ‘அல்-அனோன்’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். தமிழகத்திலே, குடியினாற் கணவரை இளமையில் இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் பெயரால் அறநிலையமொன்றை நிறுவிச் சிகிச்சை அளிக்கலானார். நோயாளியோடு குடும்பத்தாரையும் அமர்த்தி ஆலோசனை வழங்கும் அப்பணிக்காக 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கொழும்பிலே சுமித்திரயோ அமைப்பினர் நடத்தும் ‘மெல் மெதுர’ குடியினின்றும் போதையினின்றும் மீள விழைவோர்க்கும் அவர்தம் வீட்டார்க்கும் துணைநிற்கின்றது. கைம்மை தந்த துயரை ஒரு பெண்மணி மருத்துவமனையாக்கினார். நூற்றுக்கணக்கான பழைய மாணவர் கூடி நாம் ஓர் அறையேனும் திறத்தலாகாதா?

போர் 2009இல் முடிந்தது. ஆயின் அது விட்டுச்சென்ற இழப்பும் உறக்கமின்மையும் முடிந்தில. அவற்றுக்கு மருந்தெனக் கருதி மதுவைத் தொட்டவர் நம்மிடையே பலர். அவர்களைக் கண்டிப்பதற்கு முன், அவர்கள் எதனை மறக்கக் குடிக்கின்றனர் என்று கேட்டல் நன்று. ஆதலின் இவ்விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் சங்கத்தார் முன் சில விண்ணப்பங்களை வைக்கின்றோம்.

கல்லூரியின் பெயரால் நிகழும் எவ்விருந்திலும், ஈண்டாயினும் இலண்டனிலாயினும் தொறன்ரோவிலாயினும், மது பரிமாறப்படுதல் ஒழிக. எம் கை செய்த பிழையை இன்னொரு கை செய்தலாகாது. இரண்டாவது, வாரத்தில் ஒரு மாலை ஓர் அறையைத் திறந்து கொடுப்போமாக. பெயர்ப் பதிவேடு வேண்டா. படம் பிடித்தல் வேண்டா. உபகரித்தவர் பெயரைக் கல்லிற் பொறித்தலும் வேண்டா. திறந்தபின் அதனை நோயரிடமே விட்டு நாம் வெளியே நிற்றல் வேண்டும். மூன்றாவது, நம் பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். முதல் வாரத்தின் ஆபத்தைக் கடக்க உதவ ஒருப்படுவோர் தம் பெயரைச் சங்கத்திற்குத் தருக. நான்காவது, நோயரின் பிள்ளைகளது படிப்புச் செலவைக் காரணங் கேளாது சங்கம் ஏற்பதாகுக.

ஆசிரியர்க்கும் ஒன்று. வீட்டுவேலை செய்யாது வந்து, காரணங் கேட்டால் தலைகுனிந்து நிற்கும் மாணவன் சோம்பேறியாகத்தான் இருத்தல் வேண்டுமென்பதில்லை. இரவு அவன் வீட்டில் என்ன நடந்ததோ? பிரம்பை எடுக்குமுன் அவனைத் தனியே அழைத்துப் பேசுக. மாணவர்க்கும் ஒன்று. உங்கள் தந்தையாரோ தமையனாரோ இந்நோய்வாய்ப்பட்டிருப்பின், அது உங்கள் குற்றமன்று. உங்கள் குலத்துக்கு இழுக்குமன்று. நீங்கள் தனித்தவருமல்லீர். நம்பிக்கைக்குரிய ஆசிரியரொருவரிடம் அதனைக் கூறுதல் காட்டிக்கொடுத்தலாகாது.

இக்கட்டுரையை வாசிக்கும் பழைய மாணவருள் இந்நோயுற்றவர் சிலர் இருத்தல் கூடும். அவர்க்கு யாம் கூறத்தக்க அறிவுரை யாதுமில்லை. இத்தனை பக்கம் எழுதியபின் இவ்வாறு கூறுதல் நகைப்புக்கிடமாயினும் உண்மை அதுவே. வைத்தியரைக் காண்க, தனித்திராது வருக. வாங்கில் உமது இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது. நீர் வர இயலாதாயின் செய்தி அனுப்பும், யாம் வருகின்றோம். நண்பர் அன்று கேட்டவாறே, இம்முறை வெறுங்கையோடு வருவோம்.